வெள்ளம் வடிந்த கையோடு காணி எல்லையைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தை ஒட்டிய எங்கள் தீவகத்தில் புயலோ கடல் ஏற்றமோ வந்துபோனால் எல்லோரும் முதலில் கூரையைப் பார்ப்போம், பிறகு நிவாரணப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று விதானையாரை (கிராம அலுவலரை)த் தேடுவோம். சரி, அது வேண்டும்தான். ஆனால் அதே கிழமையில் காணி வேலையையும் தொடங்கிவிடுங்கள். வேலி சாய்ந்து சனம் இடம்பெயர்ந்து நிற்கிற நேரத்தில்தான் எல்லை நகரும்.

முதலில் போனை எடுத்துக்கொண்டு பக்கத்துக் காணிக்காரரையும் கூட்டிக்கொண்டு நாலு மூலைக்கும் போங்கள். மூலைப் பனை, வேலியில் மிஞ்சி நிற்கிற கிளுவைக் கதியால் (நட்டு வளர்த்த உயிர்க்கம்பு), ஒழுங்கை வாசல், பங்குக் கிணறு எல்லாவற்றையும் அவரும் படத்தில் தெரிகிற மாதிரி எடுங்கள். நெடுந்தீவு என்றால் சரிந்த பவளக்கல் வேலியை அந்தக் கல்லாலேயே திருப்பி அடுக்குங்கள்; கட்டட வேலைக்கென்று யாரையும் அள்ள விடாதீர்கள், கல் போனால் எல்லையும் போகும், தீவின் அடையாளமும் போகும். காணி உறுதியில், அதாவது உரிமைப் பத்திரத்தில், எல்லை பெரும்பாலும் ஆட்களின் பெயரில்தான் இருக்கும், அதுவும் பூட்டன் காலத்துப் பெயர். வடக்கெல்லைக்காரர் இன்று யாருடைய பேரன் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, காணியின் பெயரோடு சேர்த்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே செய்கிற வேலை இது.

உறுதி நனைந்திருந்தால் வெயிலில் போடாதீர்கள். நிழலில், தாள்தாளாக மெதுவாகப் பிரித்து இடையில் வெள்ளைத் தாள் வைத்துக் காயவிடுங்கள். தொலைந்தே போயிருந்தால் பொலிஸ் முறைப்பாடு ஒன்று போட்டு, பிரதியைக் கையில் வாங்கி, காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். உறுதி இலக்கமும் அதை எழுதிய நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் வேலை சுலபம். பழைய சோலைவரி (வீடு, காணிக்குக் கட்டுகிற உள்ளூராட்சி வரி) பற்றுச்சீட்டு, கரண்ட் பில் எதையும் எறியாதீர்கள்.

கனடா, பிரான்ஸ் என்று இருக்கிற சொந்தங்களின் காணி இன்னும் கவனம். இலங்கைச் சட்டத்தில் ஒருவர் உரிமையாளருக்கு எதிராக 10 வருடம் இடைவிடாமல் ஆண்டால் ஆட்சியுரிமை கோரலாம். அதனால் காணியில் யாரையாவது இருத்தினால், உங்கள் அனுமதியோடுதான் இருக்கிறார் என்று அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அன்பாகவே கேட்கலாம், இதில் சண்டை இல்லை.

அப்புறம் அரசாங்க அறிவித்தல்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் வீடு கட்டக் கூடாத வலயம் தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர் என்றார்கள். எதிர்ப்பு வந்த பிறகுதான் தளர்ந்தது. 2025 மார்ச்சில் வந்த வர்த்தமானி (அரசிதழ்), வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு 3 மாதத்துக்குள் உரிமை கோரச் சொன்னது. போரிலும் சுனாமியிலும் உறுதியைத் தொலைத்த சனம் 3 மாதத்தில் எங்கே போகும்? ஊரும் கட்சிகளும் எழும்பி, வழக்கும் போட்ட பிறகே அது நின்றது. ஆகவே மாதத்துக்கு ஒருதரம் பிரதேச செயலக அறிவித்தல் பலகையைப் பார்க்க, கோயில் சபை, தேவாலயப் பங்கு மக்கள், கடற்றொழிலாளர் சங்கம் என்று எல்லோரிலும் இருந்து ஒரு ஆளை வையுங்கள். ஆட்சேபனையை எழுத்தில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வாய்ப்பேச்சு கணக்கில் வராது.

கிணற்றுக்குள் கடல்நீர் ஏறியிருந்தால் மோட்டர் போட்டு அடிவரை திரும்பத் திரும்ப இறைக்கவே கூடாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் உப்புத்தண்ணீருக்கு மேலே நன்னீர் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. அதை இழுத்துவிட்டால் கீழிருந்து உப்பு ஏறும், கிணற்றுக் கட்டும் இடியலாம். ஊத்தையை அகற்றி ஒருதரம் மெதுவாக இறைத்துவிட்டு மழைக்கு விடுங்கள். குளோரின் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. கரையில் கண்டல் மரம் (அலையாத்தி) சரிந்திருந்தாலும் துப்புரவு என்று வேரோடு பிடுங்க விடாதீர்கள், அடுத்த அலையின் வேகத்தைக் குறைக்கப்போவது அதுதான்.

கடைசியாக, புனரமைப்புத் திட்டம் என்று யாராவது கூட்டம் வைத்தால் வரைபடத்தைத் தமிழில் கேளுங்கள், எந்தக் காணி, எத்தனை பரப்பு என்று வாசிக்கச் சொல்லுங்கள். வரவுப் பதிவில் கையெழுத்து வைக்கும்போது பக்கத்தில் "கூட்டத்துக்கு வந்தேன், சம்மதம் தரவில்லை" என்று எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டே வெளியே வாருங்கள்.