மேற்காவுகைக் கொந்தளிப்பை வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

அடியில் சூடான நீர் மேலேற, மேலே குளிர்ந்த நீர் கீழிறங்குவதுதான் மேற்காவுகை. அது ஒழுங்கிழந்து புரண்டால் கொந்தளிப்பு. முதலில் ஒன்று: சாயம் போடாதீர்கள். கொண்டிஸ் பளிங்கு (பொற்றாசியம் பரமங்கனேற்று) ஒரு நிமிடம் அழகு காட்டும். கொந்தளிப்பு தொடங்கியதும் தொட்டி முழுக்க ஊதாவாகி, எதுவும் தெரியாமல் போய்விடும். நிழல்தான் நல்ல வழி. போன் ரோச்சும் வெள்ளைத் தாளும் போதும்.

தட்டையான சுவருள்ள சின்ன மீன்தொட்டி எடுங்கள். போத்தல் சரிவராது, அதன் வளைவு வில்லையாகிவிடும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கொதிக்க வைத்து ஆறவிட்டு, தெளிந்த மேல்நீரை மட்டும் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு விடுங்கள். கொதித்த நீரில் கரைந்திருக்கும் வளி குறைவு, குமிழித் தொல்லையும் குறையும்.

கை பொறுக்கிற சூட்டில் நீருள்ள அகன்ற தட்டில் தொட்டியை வையுங்கள். ஐஸ்கட்டி போட்ட அலுமினியத் தட்டொன்றை மேலே மிதக்கவிடுங்கள். ஒரு பக்கமாகச் சரித்து இறக்கினால் அடியில் காற்று சிக்காது.

அறையை இருட்டாக்கி, ரோச்சை இரண்டு மீற்றர் தள்ளி வையுங்கள். சறுக்குகிற இடம் இதுதான்: தொட்டியின் மறுபக்கத்தில் தாளை அதோடு ஒட்டி வைத்தால் ஒன்றுமே தெரியாது. சூட்டோடு நீரின் முறிவுச் சுட்டி (ஒளியை வளைக்கும் அளவு) மாறுவதால் ஒளி மிகச் சிறிதளவுதான் வளைகிறது, அது விலகிச் சேர இடம் வேண்டும். தாளை மெதுவாகப் பின்னே கொண்டுபோங்கள். அரை மீற்றர் அளவில் கோடுகள் எழும்பும். சூடான நீர் நடுவில் இருண்டு காளான் தலையோடு ஏறும், குளிர்ந்த நீர் பளிச்சென்ற இழையாக இறங்கும். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். ஏறுபவை ஒரு பக்கமும் இறங்குபவை மறுபக்கமும் ஒதுங்கி, தொட்டி முழுவதும் ஒரே பெரிய சுழற்சியாகும். இத்தனை குழப்பத்துக்குள் அப்படி ஓர் ஒழுங்கு இருப்பதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடும்.

ஏன் கொந்தளிக்கிறது? 1916இல் ஆங்கிலேய பௌதிகவியலாளர் றேலி பிரபு கொடுத்த கணக்கு. சூடு நீரைப் புரட்டும் உந்துதலை, அதைத் தடுக்கும் பிசுபிசுப்போடும் வெப்பப் பரவலோடும் ஒப்பிடுவது அவருடைய எண். இரு தட்டுகளுக்கிடையே அது 1708ஐத் தாண்டினால் பாய்மம் புரளத் தொடங்கும். மேலுக்கும் கீழுக்கும் 10 பாகை வெப்பநிலை வித்தியாசத்தில் நம் தொட்டிக்கு அது ஏறத்தாழ 30 கோடி! ஆழம் மூன்றாம் அடுக்கில் வருவதுதான் காரணம். அதே வித்தியாசத்தில் 1 மில்லிமீற்றர் நீரென்றால் வெறும் 300, அசையவே அசையாது.

பிற்சேர்க்கை: கோடுகள் இரட்டையாகத் தெரிகின்றன என்று பின்னூட்டத்தில் இருவர் கேட்டிருந்தார்கள். போனில் இரண்டு ரோச் விளக்கு இருந்தால் அப்படித்தான். ஒன்றைக் கறுப்பு ரேப்பால் மூடுங்கள். அப்புறம், சோளகக் காற்று வீசும் மாதங்களில் யன்னலைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். தாள் ஆடினால் எல்லாம் கலங்கிவிடும்.