மியூஸ்ஸ்கோர் 4-இல் காசில்லாமல் ஒரு ஆர்கெஸ்ட்ரா

மியூஸ்ஸ்கோர் 4 இசைக்குறிப்பு எழுதும் இலவச மென்பொருள். அதில் ஆர்கெஸ்ட்ரா ஒலி கேட்க, முதலில் ஒலித்தொகுப்புகளை இறக்கும் செயலியான மியூஸ் ஹப். அதிலுள்ள மியூஸ் ஸ்ட்ரிங்ஸ், பிராஸ், வுட்விண்ட்ஸ், பெர்கஷன் நான்குமே இலவசம். அளவு பல ஜி.பி. என்பதால் ஸ்ட்ரிங்ஸை மட்டும் முதலில் இறக்குங்கள்.

1. இறங்கியதும் மியூஸ்ஸ்கோரை மூடித் திறவுங்கள்.

2. எஃப்10 தட்டினால் மிக்ஸர் வரும். பழைய கோப்பில் 'எம்எஸ் பேசிக்' (மியூஸ்ஸ்கோரின் அடிப்படை ஒலி) என்றே நிற்கும். வியூ மெனுவில் பிளேபேக் செட்டப் போய் மியூஸ் சவுண்ட்ஸை (இப்போது இறக்கிய ஒலிகள்) தேர்ந்தெடுத்தால் எல்லா வாத்தியமும் சேர்ந்தே மாறிவிடும்.

இன்னமும் ஒற்றைப் பிடில் போல மெலிவாகக் கேட்டால், வாத்தியப் பட்டியலில் 'வயலின்' எடுத்திருப்பீர்கள். அது சோலோ. குழுவுக்கு 'வயலின்ஸ் செக்‌ஷன்'தான்.

3. சவுண்ட்ஃபான்ட் (வாத்திய ஒலிகள் அடங்கிய கோப்பு) வேண்டுமென்றால் டாக்குமென்ட்ஸுக்குள் மியூஸ்ஸ்கோர்4, அதற்குள் சவுண்ட்ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போடுங்கள். எஸ்எஃப்2, எஸ்எஃப்3 வகைக் கோப்புகளை மட்டுமே எடுக்கும். வெர்ச்சுவல் பிளேயிங் ஆர்கெஸ்ட்ரா என்ற ஒலித்தொகுப்பு எஸ்எஃப்இசட் வகை. அங்கே போட்டால் பட்டியலிலேயே வராது. அதற்கு சஃபோர்சாண்டோ என்ற இலவச பிளேயரின் விஎஸ்டி3 (மென்பொருளுக்குள் ஏற்றும் ஒலி பிளகின் வகை) வேண்டும். விஎஸ்டி2 பிளகின் எதையும் மியூஸ்ஸ்கோர் 4 ஏற்காது.

4. ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா டிஸ்கவர் பிளகின்: 33 வாத்தியங்கள், சுமார் 200 எம்பி. பழைய லேப்டாப்புக்கு என் ஓட்டு இதற்குத்தான். மிக்ஸரில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியே பிளகினை ஏற்றி, உள்ளே வாத்தியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பலர் மாட்டிக்கொள்வது பிட்சிகாட்டோவில், அதாவது வில்லை விட்டு விரலால் தந்தியைச் சுண்டும் இடத்தில். மியூஸ் ஸ்ட்ரிங்ஸ் 'பிட்ஸ்.' என்று எழுதியதுமே சுண்டத் தொடங்கும். டிஸ்கவர் போன்ற விஎஸ்டிக்கு அந்த எழுத்து கண்ணிலேயே படாது. வில்லை இழுத்துக்கொண்டே இருக்கும். வழி இது: கீழே இன்னொரு வயலின் ஸ்டாஃப் (ஐந்து கோட்டு வரி) சேர்த்து, அதன் பிளகினில் பிட்சிகாட்டோவை வையுங்கள். சுண்டும் பார்களை அங்கே நகலெடுத்து ஒட்டுங்கள். மூல ஸ்டாஃபில் அதே சுரங்களைத் தேர்ந்தெடுத்து, பிராப்பர்ட்டீஸில் 'பிளே' டிக்கை நீக்குங்கள். பிறகு அந்தத் துணை ஸ்டாஃபை மறைத்துவிட்டால், அச்சில் ஒரு வரி, காதுக்கு இரண்டு.

கூடுதல்: துணை ஸ்டாஃபை இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பேனலின் கண் பொத்தானால் மறைத்த பிறகு சத்தமே வரவில்லையா? மிக்ஸரில் அதற்கு ம்யூட் விழுந்திருக்கிறதா பாருங்கள்.

இசைக்குறிப்பை வாசித்துக் காட்டும் கட்டண மென்பொருளான நோட்பெர்ஃபார்மர் வாங்கலாமா? சிபேலியஸ், டோரிகோ என்ற இசைக்குறிப்பு மென்பொருள்களில் எழுதுபவர்களுக்குக் கொடுத்த காசுக்குத் தகும். மியூஸ்ஸ்கோருக்கு அது வேலைக்காகாது.