நாடுகடத்தப்பட்ட மன்னரைப் படமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைப் பற்றிப் படமெடுக்க நினைக்கும் இளைஞர்கள் கொழும்பில் பெருகிவருகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் எங்கள் தலைமுறை மேடையில் செய்த பிழைகளையே அவர்களின் பிரதிகளிலும் காண்கிறேன். ஆண்டுப் பிழை, பெயர்ப் பிழைகளை யாரும் திருத்திவிடலாம், அவற்றை விடுகிறேன்.

கண்டியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த ஒப்பந்தத்தில் மன்னரின் கையெழுத்து

கிடையாது. 1815 மார்ச் 2 அன்று ஒப்பமிட்டவர்கள் ஆங்கிலேய ஆளுநரும் கண்டிப் பிரதானிகளும்.

கொழும்பில் சங்கிலி பூட்டுவது

கோட்டையில், ஜனாதிபதி மாவத்தையோரம், மன்னரை அடைத்த சிறை என்று காட்டப்படும் சின்னஞ்சிறு அறை ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்த கையோடு இருட்டு, சங்கிலி, வைக்கோல் என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு குழு அந்த அறையை அப்படியே செட் போட்டது. கையிலிருந்த பணத்தில் பாதி அதற்கே போயிற்று. கப்பலேறும் காட்சிக்கு மிஞ்சவில்லை. நினைத்தால் இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

மனைவியரும் பணியாளரும் சூழ மன்னர் தங்கவைக்கப்பட்டது கோட்டையில் ஒரு வீட்டில். அவரைக் கட்டி இழுத்து அவமதித்தது வெள்ளையர் அல்லர். 1815 பெப்ரவரி 18 அன்று மெதமகாநுவரப் பக்கம் அவரைப் பிடித்த சிங்களத் தலைவர் எக்னெலிகொடவின் ஆட்கள், அவருடைய சொந்தக் குடிகள். கயிறு வேண்டுமானால் அங்கே காட்டுங்கள். கொழும்பில் கிடைத்தது உபசாரம். 1816 ஜனவரி 24 அன்று ஆளுநரின் வண்டியில்தான் துறைக்குப் போனார். கணுக்காலில் இறுகிய அகன்ற காற்சட்டையோடு, அலங்காரம் குறையாமல் படகில் ஏறினார். முகத்திரையிட்ட அரசியரை நாற்காலியில் அமர்த்திக் கார்ன்வாலிஸ் கப்பலுக்குத் தூக்கினார்கள். இத்தனை மரியாதையோடு ஒருவரை நாட்டைவிட்டே அனுப்பிவிடுகிறார்கள்! இதைவிடக் கொடுமையான காட்சியை எந்தச் சங்கிலி தரும்?

வேலூரில் திப்புவின் பிள்ளைகள்

மன்னரைக் கொண்டுபோய் வைத்த வேலூர்க் கோட்டையில் முன்பு திப்பு சுல்தானின் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் 1806இல் அங்கே நடந்த சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். சந்திப்புக் காட்சி வேண்டாம்.

வேலூரை இறுதிக் காட்சியாக்குவது

கப்பல் மறைந்ததும் கல்லறையைக் காட்டிப் படத்தை முடிக்கிறார்கள். மன்னர் இறந்தது 1832 ஜனவரி 30 அன்று. இடையில் 16 ஆண்டுகள்! வேலூர்க் கோட்டைக்குள் ஒரு குடும்பம் நடந்தது, மகன் பிறந்தான். நாடில்லாத அரசருக்கு அந்த வீட்டில் யார் எழுந்து நின்றார்கள், யார் நிற்காமல் விட்டார்கள் என்பதிலேயே ஒரு படம் இருக்கிறது. திரைக்கதையில் மூன்றில் ஒரு பங்கையாவது அந்த ஆண்டுகளுக்குக் கொடுங்கள்.