வாலிபால் ரொட்டேஷன்: ஆறு கட்டம் போட்டு நிற்காதீர்கள்

புதிதாக ஆட வருகிறவர்களோடு தினமும் மைதானத்தில் நிற்கிறேன். நான் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்கிறார்கள். ரொட்டேஷன், அதாவது ஆறு பேரும் கடிகார முள் திசையில் ஓர் இடம் மாறிச் சுற்றுவது, 2-ஆம் இடத்தில் இருப்பவர் 1-ஆம் இடத்துக்கு வந்து சர்வீஸ் போடுவது எல்லாம் இரண்டு நாள் ஆடினாலே பழகிவிடும், அதை விடுங்கள்.

ஒவ்வொரு பாயிண்டுக்கும் சுற்றுவது

எதிரணி சர்வீஸ் போட்ட பாயிண்டை நாம் வென்று, சர்வீஸ் போடும் முறை நமக்கு வரும்போது மட்டும்தான் சுற்ற வேண்டும்.

இடத்தைக் கட்டம் என்று நினைப்பது

மைதானத்தை ஆறு கட்டமாகப் பிரித்து, அவரவர் கட்டத்தை விட்டு நகராதே என்று சொல்லிக்கொடுக்கிறார்கள் பாருங்கள், கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. விதியில் கட்டமே கிடையாது. வலது பின்மூலை 1, அதற்கு முன்னால் 2, அங்கிருந்து நெட்டை ஒட்டி இடப்பக்கமாக 3, 4, அப்புறம் 4-க்குப் பின்னால் 5, பின்வரிசை நடுவில் 6. எதிரணி சர்வீஸ் பந்தை அடிக்கும் அந்த நொடியில் 1 தன் 2-ஐயும், 6 தன் 3-ஐயும், 5 தன் 4-ஐயும் தாண்டி நெட் பக்கம் போயிருக்கக் கூடாது. ஒரே வரிசையில் இடது ஓரத்தில் இருப்பவர் நடு ஆளைத் தாண்டி வலப்பக்கம் போகக் கூடாது, வலது ஓரத்தில் இருப்பவர் இடப்பக்கம் போகக் கூடாது. 5-க்கும் 3-க்கும் நடுவே எந்தக் கணக்கும் இல்லை, 1-க்கும் 4-க்கும் இல்லை. நடுவர் பார்ப்பது தரையில் இருக்கும் பாதத்தை மட்டும். பந்து அடிபட்ட பிறகு எங்கே வேண்டுமானாலும் ஓடலாம்.

இது புரியாமல் ஒரு செட்டையே விட்டோம், இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. 23-23, எதிரணி சர்வீஸ். எங்கள் செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) 5-இல், நான் 4-இல். சர்வீஸ் பலமாக வருகிறதே என்று பந்தெடுக்க நான் பின்னால் இறங்கிவிட்டேன், செட்டர் வழக்கம்போல நெட் பக்கம் ஏறி நின்றார். விசில். சரி, முன்னால் நின்றதுதானே பிரச்சினை என்று அடுத்த சர்வீஸுக்கு அவர் பின்னால் போனார், ஆனால் ஓடிவர வசதியாக 6-க்கு வலப்பக்கம் போய் நின்றார். மறுபடி விசில். இரண்டு விசிலுக்கும் எதிரணிக்குப் பாயிண்ட், எங்களில் ஒருவர்கூடப் பந்தைத் தொடாமல் 25-23 என்று செட் போய்விட்டது. நான் இறங்காமல் நெட் அருகே நின்றிருந்தால் போதும், செட்டர் என் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக நின்றிருப்பார்.

அதனால் உங்கள் இடத்தின் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். எனக்கு முன்னால் யார், பக்கத்தில் யார் என்று ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்பும் பாருங்கள். 2025-க்கான சர்வதேச விதிகளில் சர்வீஸ் போடும் அணிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, பந்தை வாங்கும் அணிக்கு அப்படியே இருக்கிறது. உங்கள் போட்டியில் எந்த விதி என்று ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்வரிசையில் இருப்பதை மறந்து நெட்டில் குதிப்பது

பின்வரிசை ஆள் பிளாக் செய்யக் கூடாது, அதாவது நெட்டருகே எழும்பி எதிரணியின் பந்தைத் தடுக்கக் கூடாது. நெட்டுக்கு மேலே இருக்கும் பந்தை அடிக்க வேண்டுமானால் நெட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கும் கோட்டுக்குப் பின்னாலிருந்து எழும்ப வேண்டும். கோட்டை மிதித்தாலும் தவறுதான். பின்வரிசைக்கு வந்த செட்டர்கள் நெட் அருகே நின்று இரண்டாம் தொடுதலில் பந்தைத் தட்டிவிட்டு மாட்டுவது இதில்தான்.

தவறான ஆள் சர்வீஸ் போடுவது

எதிரணிக்கு ஒரு பாயிண்ட், சர்வீஸும் அவர்களுக்கே. வரிசை எப்போது மாறியது என்று ஸ்கோர் ஷீட்டில் தெரிந்தால், அதிலிருந்து நீங்கள் எடுத்த பாயிண்டுகளும் போய்விடும். சந்தேகம் வந்தால் கேப்டன் நடுவரிடம் தன் அணியின் வரிசையைச் சரிபார்க்கச் சொல்லலாம், அதற்கு அனுமதி உண்டு.