குஸ்கோவில் இறங்கியதும் அங்கேயே தங்காதீர்கள்

பெரு நாட்டில் இருக்கும் பழைய இன்கா மலை நகரமான மச்சு பிச்சுவைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தலைநகர் லிமாவிலிருந்து விமானத்தில் குஸ்கோ போய் இறங்குவார்கள். லிமா கடலோர நகரம். குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திடீரென்று இவ்வளவு ஏறினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று படுத்தி எடுத்துவிடும். மச்சு பிச்சுவோ அதைவிடத் தாழ்வு, சுமார் 2,430 மீட்டர்தான்!

அதனால் விமான நிலையத்திலிருந்தே டாக்சி பிடித்து ஒல்லன்டைடம்போ என்ற சிற்றூருக்குப் போய்விடுங்கள். அது சுமார் 2,800 மீட்டர். இரண்டு இரவு தங்கினால் உடம்பு ஓரளவு பழகிவிடும். மச்சு பிச்சு அடிவாரத்துக்கு ரயிலும் அங்கிருந்தே கிடைக்கும். குஸ்கோவைக் கடைசியில் நிதானமாகச் சுற்றலாம்.

முதல் நாள் மது வேண்டவே வேண்டாம். இதய, நுரையீரல் பிரச்சினை உள்ளவர்கள் கிளம்பும் முன்பே டாக்டரைக் கேட்டுவிடுங்கள். அப்புறம், மச்சு பிச்சு நுழைவுச்சீட்டை நேரம் குறித்துத்தான் தருகிறார்கள், முன்கூட்டியே வாங்குங்கள். வாசலில் பாஸ்போர்ட்டும் காட்ட வேண்டும்.