ஓய்வுக்காலத்துக்கு வாடகை வீடு: இங்கிலாந்தில் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

பிரித்தானியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஓய்வுக்காலத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டால், பென்ஷன் நிதியைப் பற்றிய பேச்சு எழுமுன்பே, இன்னொரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்ற பதில் வந்துவிடுகிறது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வாடகைக்கு விடுவதற்கென்றே தனி மோர்கேஜ் (வீட்டுக் கடன்) 1996இல் அறிமுகமான பின், லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் அன்றைய விலைக்கு வீடு வாங்கியவர்கள் நன்றாகவே முன்னுக்கு வந்தார்கள். 2009 மார்ச்சில் இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 0.5 சதவீதத்துக்கு இறங்கியபோது, மாதந்தோறும் அவர்கள் கையில் மிஞ்சியதும் கூடியது. ஆனால் அவர்கள் எந்த வரிச் சட்டத்தின் கீழ் வாங்கினார்களோ அது இன்று இல்லை. வீடா, பென்ஷனா என்ற வாதத்தைத் தீர்ப்பவை மாமா, சித்தப்பாவின் அனுபவங்கள் அல்ல. உங்கள் வருமான வரி வீதமும் நீங்கள் வாங்கப்போகும் கடனின் அளவுமே. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் முத்திரை வரியும் வாடகைச் சட்டமும் வேறு என்பதால், இங்கே சொல்வதை இங்கிலாந்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைத் தேடுமுன் அரச ஓய்வூதியத்தைப் பாருங்கள்

முழு அரச ஓய்வூதியம் பெறுவதற்குப் பொதுவாக 35 ஆண்டுகளுக்குரிய தேசியக் காப்புறுதி (நேஷனல் இன்ஷூரன்ஸ்) பங்களிப்பு வேண்டும்; 10 ஆண்டுகளுக்குக் குறைந்தால் எதுவும் கிடைக்காது. முப்பது, முப்பத்தைந்து வயதில் இந்நாட்டுக்கு வந்தவர்களுக்கும், சில காலம் கைக்காசுக்கு வேலை செய்தவர்களுக்கும் இந்தக் கணக்கில் ஓட்டை இருக்கும். கடந்த 6 ஆண்டுகளில் விடுபட்டவற்றை, தகுதியிருந்தால், பணம் கட்டி நிரப்பலாம். 2025-26 வீதப்படி ஓராண்டுக்குக் கட்ட வேண்டியது ஏறத்தாழ 923 ஸ்டேர்லிங் பவுண். அதற்கு ஈடாக ஓய்வூதியத்தில் கூடுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 342 பவுண், அதுவும் ஆயுள் முழுவதும். இந்த விளைச்சலைத் தரும் வீடு லண்டனில் எந்தத் தெருவிலும் இல்லை. அடுத்ததாக, உங்கள் வேலைத்தலப் பென்ஷனில் நீங்கள் கூடுதலாகப் போட்டால் முதலாளியும் கூடுதலாகப் போடுவாரா என்று கேட்டு, போடுவார் என்றால் அந்த எல்லை வரை சேர்த்துவிடுங்கள். இவ்விரண்டும் முடியாத நிலையில் வீட்டு முகவரிடம் போவது வரிசை மாறிய வேலை.

வாங்கும் செலவு

சொந்தமாக ஒரு வீடு இருக்கும்போது இன்னொன்றை வாங்கினால் முத்திரை வரியில் 5 சதவீதப் புள்ளிகள் மேலதிகமாகச் சேரும். 2016இல் 3 சதவீதமாகத் தொடங்கிய இது 2024 அக்டோபர் 31 முதல் உயர்த்தப்பட்டது. 3,00,000 பவுண் வீட்டுக்கு இன்றைய படிநிலைகளின்படி 20,000 பவுண் வரி வரும். கடன் கொடுப்போர் பொதுவாகக் கேட்கும் 25 சதவீத முற்பணம் 75,000 பவுண். சட்டத்தரணி, மதிப்பீடு, இதர கட்டணங்கள் என்று 2,500 வைத்துக்கொண்டால், வாடகையாக ஒரு காசு வருமுன் 97,500 பவுண் கையை விட்டுப் போகும். முற்பணத்தின் மூலத்தை வங்கியும் சட்டத்தரணியும் கேட்பார்கள் என்பதையும் முன்கூட்டியே நினைவில் வையுங்கள்: சீட்டு எடுத்த காசு, நகை விற்ற காசு, உறவினரிடம் கைமாற்றாக வாங்கிய காசு எதுவானாலும் அது வங்கிக் கணக்கில் வந்த வழிக்கு ஆவணம் வேண்டும். கைமாற்று என்றால் அது கடன்தான். அதை அன்பளிப்பு என்று எழுதிக் கொடுப்பது பொய்க் கூற்றாகும்.

ஆண்டுக் கணக்கு

இந்த வாதம் முழுவதும் அடங்கியிருப்பது இந்த இடத்தில்தான். அதே வீட்டின் மாத வாடகை 1,500 பவுண், அதாவது ஆண்டுக்கு 18,000 என்று கொள்வோம். முகவர் கட்டணம், திருத்த வேலை, காப்புறுதி, சான்றிதழ்கள், ஆள் இல்லாமல் கிடக்கும் வாரங்கள் எல்லாவற்றுக்கும் 5,000 ஒதுக்கினால் மிஞ்சுவது 13,000. கடன் 2,25,000 பவுணுக்கு 5 சதவீத வீதத்தில், முதலைத் திருப்பாமல் வட்டியை மட்டும் கட்டினாலும், 11,250 போய்விடும். கையில் நிற்பது 1,750.

இப்போது வரிக்கு வாருங்கள். 2017 ஏப்ரல் முதல் 2020 ஏப்ரல் வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, தனிநபர் ஒருவர் வட்டியை வாடகை வருமானத்திலிருந்து கழிக்க முடியாது. 13,000 முழுவதற்கும் வரி போட்டு, பிறகு வட்டியில் 20 சதவீதத்தை மட்டும் வரியிலிருந்து குறைப்பார்கள். 40 சதவீத வரி கட்டுபவருக்கு வரி 5,200. அதில் 2,250 கழிந்தால் 2,950. கையில் நின்றதோ 1,750. ஆக, ஆண்டுதோறும் 1,200 பவுணைச் சம்பளத்திலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டிவரும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு இதே வீட்டில் 1,400 மிஞ்சும், ஆனால் 97,500 பவுணைப் போட்டதற்கு அது ஒன்றரை சதவீதம்கூட ஆகாது. மேலும், வட்டியைக் கழிக்காத அந்த 13,000 உங்கள் சம்பளத்தோடு கூடுவதால், 50,270 பவுண் எல்லையைத் தாண்டி 40 சதவீத வரிக்குள் போகலாம். 60,000ஐத் தாண்டினால் பிள்ளைகளுக்காக அரசு தரும் சைல்ட் பெனிஃபிட்டையும் படிப்படியாகத் திருப்பிக் கட்ட நேரும். 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தபடி, 2027 ஏப்ரல் முதல் வாடகை வருமானத்துக்கு 22, 42, 47 சதவீதம் என்று தனி வீதங்கள் வருகின்றன.

எனவே, 40 சதவீத வரி கட்டிக்கொண்டு முக்கால் பங்கு கடனில் வாங்கும் வீடு வருமானம் தரும் முதலீடு அல்ல. வீட்டு விலை ஏறும் என்ற ஒரே நம்பிக்கையில் வைக்கும் பணம். விலை ஏறினால் கடனில் வாங்கியவருக்கு இலாபமும் பெருகும் என்பது உண்மைதான், வீடு வாங்கச் சொல்வோரின் பலமான வாதமும் அதுவே. ஆனால் அதே நபர் தன் கையிலிருந்து 60 பவுண் குறையவிட்டால், வரிச் சலுகையால் பென்ஷனில் 100 பவுண் சேர்கிறது. எடுக்கும்போது காற்பங்குக்கு வரி இல்லை. அந்தத் தொடக்க இலாபத்தை வீடு எட்டிப் பிடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். வீட்டின் பக்கம் நியாயம் கூடுவது, கடன் பாதிக்கும் குறைவாக இருந்து, ஓய்வு பெறுமுன் அதைத் தீர்த்துவிடும் திட்டமும் இருக்கும்போதுதான்.

யாருடைய பெயரில்

கணவன், மனைவியில் ஒருவருக்கு வருமானம் குறைவு என்றால் கூட்டாக வாங்கி, உரிமைப் பங்கை அவருக்குக் கூடுதலாக எழுதிவைக்கலாம். அப்படிச் செய்தால் அந்தப் பங்குகளைத் தெரிவிக்கும் படிவம் 17ஐக் கையெழுத்திட்ட 60 நாட்களுக்குள் வரித் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும், இல்லையேல் வருமானம் சரிபாதியாகவே கணக்கிடப்படும். கம்பனி ஒன்றின் பெயரில் வாங்கினால் வட்டியை முழுவதுமாகக் கழிக்கலாம், ஆனால் மோர்கேஜ் வட்டியும் கணக்காளர் செலவும் கூடும், பணத்தை வெளியே எடுக்கும்போது இன்னொரு வரியும் உண்டு. ஒரே ஒரு வீட்டுக்கு அது பெரும்பாலும் தேவையற்ற சிக்கல். உறவினர் பெயரில் வாங்குவதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

குடியிருப்பவர்

எரிவாயுச் சோதனை ஆண்டுதோறும், மின்சாரச் சோதனை 5 ஆண்டுக்கு ஒருமுறை, குடியிருப்பவர் தரும் வைப்புப் பணத்தை 30 நாட்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட திட்டத்தில் பாதுகாத்தல் ஆகியவை கட்டாயம். தெரிந்த பிள்ளைகள்தானே என்று மாணவர்களுக்கு அறை அறையாக விடுவோர் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: ஒரே குடும்பத்தைச் சேராத 5 பேர் இருந்தால் உரிமம் இல்லாமல் விட முடியாது, சில கவுன்சில்கள் 3 பேருக்கே அதைக் கேட்கின்றன. ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாம் 2013இலேயே தனியார் வாடகை வீடுகளுக்குப் பகுதி முழுவதும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 2026 மே 1 முதல் காரணம் சொல்லாமல் வெளியேற்றவும் முடியாது. விற்பதற்காக எழுப்புவதானால், குடிவந்து ஓராண்டு கழிந்த பின்பே, 4 மாத அறிவித்தலுடன் எழுப்பலாம். 67 வயதில் அவசரமாகப் பணம் தேவைப்படுபவருக்கு இது சிறிய தடையல்ல.

ஓய்வுக்குப் பின்

2026-27இல் முழு அரச ஓய்வூதியம் ஆண்டுக்கு ஏறத்தாழ 12,548 பவுண். வரியில்லா எல்லை 12,570. அதனால் முழு ஓய்வூதியம் பெறுபவருக்கு வாடகையின் ஏறத்தாழ முதல் பவுணிலிருந்தே வரி தொடங்கும். விற்றால், 3,000 பவுணுக்கு மேற்பட்ட இலாபத்துக்கு 18 அல்லது 24 சதவீத வரி. அதைக் கைமாறிய 60 நாட்களுக்குள் அறிவித்துக் கட்ட வேண்டும். வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்று ஆண்டுக்கு ஆண்டு வரியைக் குறைக்க முடியாது, பென்ஷனில் அது முடியும். பென்ஷன் வாரிசுவரிக்கு அப்பாற்பட்டது என்ற பழைய அனுகூலம் 2027 ஏப்ரலில் போய்விடுகிறது என்பதால், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் நோக்கமுள்ளவர்களுக்கு வீட்டுக்கும் பென்ஷனுக்கும் உள்ள இடைவெளி சற்றுக் குறையும்.

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ போய் இருந்துகொண்டு லண்டன் வாடகையில் வாழ நினைப்பவர்கள், 6 மாதங்களுக்கு மேல் வெளிநாட்டில் வசித்தால், முகவர் வாடகையில் 20 சதவீதத்தை வரிக்காகப் பிடித்துக்கொண்டே அனுப்புவார் என்பதை அறிந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் வசிக்கும் வீட்டு உரிமையாளருக்கான என்ஆர்எல்1 (NRL1) படிவத்தில் விண்ணப்பித்து ஒப்புதல் பெற்றால் முழு வாடகையும் வரும், ஆனாலும் ஆண்டுதோறும் வரிக்கணக்குக் கொடுக்க வேண்டும். அங்கிருந்தபடியே விற்றாலும், வரி எதுவும் வராவிட்டாலும்கூட, அந்த 60 நாள் அறிவித்தலைக் கொடுத்தே ஆக வேண்டும்.