போர் நடுவே அதிபரும் தளபதியும் மோதினால்: கொரியாவில் நடந்த தவறுகள்

1951 ஏப்ரல் 11 அன்று அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன், வட கொரியா தென் கொரியாவைத் தாக்கியதால் மூண்ட கொரியப் போரை நடத்திக்கொண்டிருந்த தளபதி டக்ளஸ் மெக்கார்தரைப் பதவியிலிருந்து நீக்கினார். இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். தலைக்கனம் பிடித்த தளபதி என்பார்கள், இல்லாவிட்டால் போர் என்றால் என்னவென்றே தெரியாத அரசியல்வாதி என்பார்கள். ட்ரூமன் முதல் உலகப் போரில் பீரங்கிப் படைக் கேப்டனாகக் களத்தில் நின்றவர் என்பது பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. யார் நல்லவர் என்று தீர்ப்புச் சொல்வதைவிட, அதற்கு முந்தைய மாதங்களில் இருவரும் எங்கெல்லாம் தவறினார்கள் என்று பார்ப்பதுதான் நமக்கு உதவும்.

கருத்து வேறுபாடு வந்ததே தவறு என்று நினைப்பதுதான் முதல் பிழை. 1950 ஆகஸ்டில், தென் கொரியாவின் மேற்குக் கரையிலுள்ள இன்சோன் துறைமுகத்தில் படைகளை இறக்கலாம் என்று மெக்கார்தர் சொன்னபோது வாஷிங்டன் தயங்கியது. அங்கே ஓதத்துக்கும் வற்றுக்கும் இடையே சுமார் 30 அடி வித்தியாசம். நீர் வற்றினால் சேற்றுப் பரப்புதான் மிஞ்சும், கப்பல் நகர முடியாது. தரைப்படை, கடற்படைத் தலைவர்கள் மெக்கார்தரின் தலைமையகம் இருந்த டோக்கியோவுக்கே போய் நேருக்கு நேர் வாதாடினார்கள். மெக்கார்தர் பதில் சொன்னார், ஒப்புதல் கிடைத்தது, செப்டம்பர் 15 அன்று நடந்த தரையிறக்கம் பெரும் வெற்றி பெற்றது. மூடிய அறைக்குள் எவ்வளவு கடுமையாக மோதிக்கொண்டாலும் கேடு இல்லை. முடிவை எல்லோரும் ஏற்று நடந்தார்கள், அதுதான் முக்கியம்.

கேடு அந்த வெற்றிக்கு அப்புறம் வந்தது. ஒரு முறை சரியாகச் சொன்னவர் அடுத்த முறையும் சரியாகத்தான் சொல்வார் என்று எல்லோரும் கேள்வி கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். வட, தென் கொரியாக்களைப் பிரித்த 38ஆவது அட்சரேகையை அமெரிக்கப் படை தாண்டி வடக்கே வந்தால் சீனா போரில் இறங்கும் என்று, பெய்ஜிங்கில் இந்தியத் தூதராக இருந்த கே.எம். பணிக்கர் மூலம் சீனப் பிரதமர் சூ என்லாய் அக்டோபர் தொடக்கத்திலேயே எச்சரித்தார். வாஷிங்டன் அதை வெறும் மிரட்டலாக எடுத்துக்கொண்டது. அக்டோபர் 15 அன்று பசிபிக் பெருங்கடலின் வேக் தீவில் ட்ரூமன் நேரில் கேட்டபோது, சீனா வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்றார் மெக்கார்தர். அந்தப் பதிலைத் துருவிக் கேட்க யாரும் முன்வரவில்லை. சில நாட்களில் சீனப் படைகள் எல்லையான யாலு ஆற்றைக் கடக்கத் தொடங்கின.

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு, இரண்டு அர்த்தம் வரும்படி கட்டளை இடுவது. செப்டம்பர் 27 அன்று முப்படைத் தலைவர்கள் அனுப்பிய உத்தரவில், சீன எல்லையை ஒட்டிய மாகாணங்களுக்குள் கொரியர் அல்லாத தரைப்படையை அனுப்பக் கூடாது என்று இருந்தது. இரண்டே நாளில் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல், 38ஆவது அட்சரேகைக்கு வடக்கே போவதில் உங்களுக்குத் தடை இருப்பதாக நினைக்க வேண்டாம் என்று தனியாகத் தந்தி அடித்தார். அக்டோபர் 24 அன்று மெக்கார்தர் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கி எல்லாப் படைகளையும் எல்லை நோக்கி அனுப்பினார். ஏன் என்று கேட்டதற்கு, களத்தின் தேவை என்றார், மார்ஷலின் தந்தியையும் காட்டினார். வாஷிங்டன் அதோடு விட்டுவிட்டது. தளபதி வரம்பு மீறினார் என்பது சரி. ஆனால் வரம்பைக் குழப்பியதும், மீறியபோது பேசாமல் இருந்ததும் மேலிடம்தான். அந்த மௌனத்தின் விலையை நவம்பர் கடைசியில் கடும் குளிரில் சீனத் தாக்குதலுக்கு நடுவே பின்வாங்கிய சிப்பாய்கள் கொடுத்தார்கள். 1951 ஜனவரி 4 அன்று தென் கொரியத் தலைநகர் சியோல் மறுபடி கைவிட்டுப் போனது. மார்ச் நடுவில் அது திரும்பக் கிடைத்தபோது, ஒன்பது மாதத்துக்குள் அந்த நகரம் நான்கு முறை கைமாறியிருந்தது. அங்கே வாழ்ந்த மக்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

அடுத்தது, உள் வாதத்தை வெளியே கொண்டுபோவது. இதில் ட்ரூமனும் குற்றமற்றவர் அல்ல. நவம்பர் 30 அன்று செய்தியாளர்களிடம் அணுகுண்டு பற்றி அவர் பேசிய விதம், முடிவு களத் தளபதியின் கையில் இருப்பது போன்ற எண்ணத்தைத் தந்தது. பிரிட்டிஷ் பிரதமர் அட்லீ பதறிப்போய் வாஷிங்டனுக்கு விமானம் ஏறினார். அப்புறம் டிசம்பர் 6 அன்று, வெளியுறவுக் கொள்கை பற்றி முன்அனுமதி இல்லாமல் யாரும் பேசக் கூடாது என்று ட்ரூமன் உத்தரவிட்டார். போர்நிறுத்தப் பேச்சுக்கு அழைக்கும் அறிக்கை தயாராகிறது என்று தெரிந்த பிறகும், மார்ச் 24 அன்று மெக்கார்தர் சீனாவை மிரட்டித் தானே ஓர் அறிக்கை விட்டார். அந்த முயற்சி அங்கேயே நின்றுபோனது. ஏப்ரல் 5 அன்று, எதிர்க்கட்சித் தலைவர் ஜோசப் மார்ட்டினுக்கு அரசின் கொள்கையைக் குறைகூறி அவர் எழுதிய கடிதம் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. அணுகுண்டு போடச் சொன்னதால்தான் அவர் நீக்கப்பட்டார் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். ட்ரூமன் அறிவித்த காரணம் அது இல்லை. அரசின் கொள்கைக்கு அவரால் முழு மனதோடு துணை நிற்க முடியவில்லை என்பதுதான் அறிவிப்பில் இருந்தது.

நீக்கிய விதமும் சரியில்லை. தரைப்படைத் துறைச் செயலர் நேரில் போய்ச் சொல்வதாகத்தான் ஏற்பாடு. செய்தி கசிந்துவிடும் என்ற பயத்தில் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு அறிவித்தார்கள். டோக்கியோவில் மதிய உணவில் இருந்த மெக்கார்தருக்கு, வானொலியில் வந்த செய்தி மனைவி வாயிலாகத்தான் தெரிந்தது. ஐம்பது ஆண்டுக்கும் மேலாகச் சீருடை அணிந்தவருக்கு அப்படிச் செய்திருக்க வேண்டாம். நாடு திரும்பியபோது அவருக்குக் கிடைத்த மாபெரும் வரவேற்பில் இந்த அவமதிப்பின் மீதான கோபமும் கலந்திருந்தது.

இதை ராணுவத்துக்கும் அரசுக்கும் நடந்த சண்டை என்று சொல்வதும் பிழைதான். முப்படைத் தலைவர்களிடம் கேட்டபோது அவர்களும் நீக்கத்தை ஆதரித்தார்கள். மே மாதம் செனட் விசாரணையில் அவர்களின் தலைவர் ஒமர் பிராட்லி, போரைச் சீனாவுக்கு விரிப்பது தவறான இடத்தில், தவறான நேரத்தில், தவறான எதிரியோடு நடத்தும் தவறான போராகிவிடும் என்று சாட்சி சொன்னார். சீருடையில் இருந்தவரே அப்படிச் சொன்ன பிறகு மெக்கார்தருக்கு இருந்த ஆதரவு மெல்ல மெல்ல வடிந்தது.